பட்டுச்சேலை கட்டினால் கரண்ட் போகும் வீடு

"அவ பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு வாசல்ல கால வச்சா, எங்க வீட்டுல கரண்ட் போகுது. நான் பாத்துட்டேன்."

பாண்டியம்மாள் இதைச் சொன்னபோது கடையில் நல்ல கூட்டம். மோட்டாருக்கு ஒயர் அளந்துகொண்டிருந்தவர் அளப்பதை நிறுத்தினார். பேன் ரெகுலேட்டர் வாங்க வந்தவர் வாங்காமல் நின்றார். தேனி பஜாரில் எங்கள் எலக்ட்ரிக்கல் கடைக்கு வருகிறவர்கள் ஓல்டேஜ் பற்றிச் சொல்லுவார்கள், எலி கடித்ததைச் சொல்லுவார்கள். சேலையைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவள். அந்தப் படிப்பில் பட்டுச்சேலைக்கு ஒரு பாடம் இருந்ததாக ஞாபகம் இல்லை. "நூல் சேலை கட்டினா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

பாண்டியம்மாள் கேலியை எடுத்துக்கொள்ளவில்லை. நூல் சேலைக்குப் போகவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன் என்றார்.

"அவ" என்றது சித்ராவை. பாண்டியம்மாளின் கொழுந்தன் சுருளியின் மனைவி. ஜெயமங்கலத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் பாண்டியம்மாள் வீடு, அந்தப் பக்கம் சித்ரா வீடு. சித்ராவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. இதைப் பாண்டியம்மாள் சொன்னதுமே பேச்சு எங்கே போகிறது என்று கடையில் நின்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ரெகுலேட்டர்காரர் உச்சுக்கொட்டினார்.

கண்ணு. அதுதான் புகார். பிள்ளை இல்லாதவள் கண் பட்டுப் பாண்டியம்மாளின் முட்டை கெட்டுப்போகிறது. கரண்ட் போவது அதற்குச் சாட்சி.

ஆணியும் வத்தலும்

முட்டைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாண்டியம்மாளும் அவர் வீட்டுக்காரர் தங்கவேலுவும் வாழை போட்டிருக்கிறார்கள். கூடவே நாட்டுக்கோழி. குஞ்சு கேட்டு ஆட்கள் வீடு தேடி வர ஆரம்பித்ததும், கோழி எப்போது அடைக்கு உட்காரும் என்று காத்திருக்கப் பாண்டியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கரண்டில் ஓடும் பொரிப்பு மிஷின் ஒன்றை வாங்கிவிட்டார். பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஹீட்டர், ஒரு தண்ணீர்த் தட்டு, முன்னால் கண்ணாடி. தங்கவேலுவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. கோழி செய்கிற வேலையைக் கோழிதான் செய்யவேண்டும் என்பது அவர் கட்சி.

மிஷினுக்கு பிளக் பாயிண்ட் வைக்கப் போனபோது, தண்ணீரும் ஹீட்டரும் ஒரே பெட்டியில் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு ட்ரிப்பர் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னது நான். போட்டதும் நான். விற்றதும் நான்தான்.

ட்ரிப்பர் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் எங்கள் சபை ஐயாவைச் சொல்லுவேன். சண்டே ஸ்கூல் பிள்ளைகளை வைகை டேமுக்கு வேனில் கூட்டிப் போகும்போது தலையை எண்ணி ஏற்றுவார். திரும்பும்போதும் எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் கூடினாலும் வேன் நகராது. ட்ரிப்பரும் அப்படித்தான். வீட்டுக்குள் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கவேண்டும். எங்காவது ஈரச்சுவரிலோ மனுஷன் உடம்பிலோ கொஞ்சம் கசிந்து தரைக்குப் போய்விட்டால், எண்ணிக்கை உதைக்கும், ட்ரிப்பர் விழுந்து வீடே அணைந்துபோகும். உயிரைக் காப்பாற்றுகிற சாமான் அது.

கரண்ட் ஆபீஸ்காரர்கள் நிறுத்தினால் அவர்களே திரும்ப விடுவார்கள். ட்ரிப்பர் விழுந்தால் யாராவது வந்து தூக்கிவிட வேண்டும். தங்கவேலுவும் பாண்டியம்மாளும் தோட்டத்துக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார்கள். அதுவரை மிஷின் ஆறிக்கிடக்கும். முதல் அடை முட்டை அப்படித்தான் போனது.

நான் போய்ப் பார்த்தேன். மிஷினைத் திறந்தால் ஹீட்டர் ஒயருக்குப் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியும், நாலைந்து வத்தல் மிளகாயும், ஒரு கரித்துண்டும். நம் பக்கம் கோழியை அடை வைக்கும்போது கூடையில் இதெல்லாம் போடுவது வழக்கம். இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாது, கண்ணும் படாது. கூடை போய் மிஷின் வந்ததற்காகப் பாண்டியம்மாள் வழக்கத்தை விட்டுவிடவில்லை.

ஆணியைக் கையில் எடுத்துக் காட்டி, இதோ உங்கள் கண்ணேறு, இதுதான் ஒயரில் உரசியிருக்கிறது என்றேன். தங்கவேலுவுக்குச் சந்தோஷம். அவர் மனைவியைத் திட்ட ஒரு காரணம் கிடைத்தது. நான் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரில் தேனி வந்து சேர்ந்தேன். சபையில்கூட இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த வாரமே ட்ரிப்பர் விழுந்தது. இரண்டாவது அடையும் போயிற்று.

காற்றுக்கு வாய் இல்லை

தேனிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. என்ன கெட்டாலும் காற்றின் தலையில் போட்டுவிடலாம். ஆனியிலும் ஆடியிலும் கம்பம் பக்கமிருந்து அது அடிக்கிற அடிக்கு லைன் கம்பி உரசும், தென்னை மட்டை விழும், தகரம் பறக்கும். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் கடையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் "காத்துதான்" என்று பதில் சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். அவருக்குக் கரண்ட் என்றால் பயம். எலக்ட்ரிக்கல் கடைக்காரருக்குக் கரண்ட் பயமா என்று கேட்காதீர்கள். எங்கள் கல்யாணத்தன்று சீரியல் பல்பு வெடித்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருக்கிறார். அதனால் மேலே சொல்லவில்லை.

பாண்டியம்மாள் வீட்டுத் தொந்தரவுக்குக் காற்று காரணமில்லை. ஏனென்றால் காற்றில்லாத மாதத்திலும் விழுந்தது. நான் முறையாகத் தேடினேன். எல்லா சுவிட்சையும் அணைத்து ட்ரிப்பரைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டால் விழுகிறதோ அதில்தான் கோளாறு என்பது கணக்கு. எதைப் போட்டாலும் விழவில்லை. கிரைண்டரைக் கழற்றினேன். குளியலறை ஹீட்டரைக் கழற்றினேன். ஒயர்களின் மேல்தோல் நன்றாக இருக்கிறதா என்று மெக்கர் வைத்துப் பார்த்தேன். ட்ரிப்பரையே மாற்றிப் புதிதாக ஒன்று போட்டேன். நான் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும். நான் ஊர் எல்லையைத் தாண்டியதும் விழுந்துவிடும்.

ஒரு தடவை தங்கவேலு, நான் வந்து போவதே தொந்தரவோ என்று சந்தேகப்பட்டார். பாண்டியம்மாள்தான் எனக்காகப் பேசினார். எஸ்தர் நல்ல பொம்பளை, அது சித்ரா கண்ணுதான் என்று.

குச்சனூர் போய் வந்த மார்கழி

மூன்றாவது அடை வைப்பதற்கு முன் பாண்டியம்மாள் சனிக்கிழமையாகப் பார்த்துக் குச்சனூர் போய், எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் ட்ரிப்பர் விழவில்லை. அடுத்த வாரமும் விழவில்லை. மார்கழி முழுக்க விழவில்லை.

எனக்குப் போன் வந்தது. "எஸ்தரு, சனீஸ்வரன் பாத்துக்கிட்டாரு. நீ இனி அலைய வேணாம்."

நன்றாக இருக்கட்டும் என்றேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். மெக்கரை வைத்துக்கொண்டு நான் அலைந்ததெல்லாம் வீண், ஒரு எள் விளக்கில் எல்லாம் சரியாகிவிட்டது என்றால் எந்த எலக்ட்ரீஷியனுக்குத்தான் எரியாது? நான் கிறிஸ்தவச்சி வேறு. ஜெபராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தொழில் போட்டியெல்லாம் வேண்டாம்" என்றார்.

அந்தத் தைரியத்தில் பாண்டியம்மாள் மூன்றாவது அடையை மிஷின் நிறைய வைத்தார். தை பிறந்தது. முதல் முகூர்த்த நாளன்றே ட்ரிப்பர் விழுந்தது. நல்லவேளை, தங்கவேலு வீட்டில் இருந்து உடனே தூக்கிவிட்டார். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள்தான் பாண்டியம்மாள் என் கடைக்கு வந்து, கூட்டத்துக்கு நடுவில் பட்டுச்சேலையைப் பற்றிச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. மூன்றாவது அடையும் கெட்டால் மிஷினைத் தங்கவேலு பெரியகுளத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார், அப்படிப் போகிற அன்றைக்குச் சித்ரா வாசலில் மண்ணை வாரித் தூற்றுவேன் என்றார்.

ரெகுலேட்டர்காரர் மெதுவாகக் கடையை விட்டு இறங்கினார். வெளியூர்க்காரர்களுக்கு இது வெறும் கோபப் பேச்சாகத் தெரியலாம். எங்கள் பக்கம் ஒரு சுமங்கலி இன்னொருத்தி வாசலில் நின்று மண் தூற்றினால், அதன்பிறகு அந்த வீட்டுக்கு யாரும் தாம்பூலம் நீட்ட மாட்டார்கள். ஏற்கெனவே சித்ராவை வளைகாப்புக்குக் கூப்பிடுவதில்லை. அவள் தெருவில் வந்தால் அடைகோழிக் கூடையைச் சாக்கைப் போட்டு மூடுகிறார்கள். மிச்சமிருந்த மரியாதையும் இந்த முட்டைகளோடு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டுக்கல் அண்ணனுக்கு

அந்த வீட்டை ஏன் ஒரே சுவர் பிரிக்கிறது என்று சொல்லவேண்டும்.

தகப்பனார் கட்டிய வீடு. அவர் போனபிறகு அண்ணனும் தம்பியும் பெரியமனுஷர்களை வைத்துப் பாகம் பிரித்தார்கள். தலைவாசலிலிருந்து கொல்லை வரை நூல் பிடித்து, கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். தென்னைகளைப் பிரித்ததில் ஒன்று மிஞ்சியது. அது ஒரு வருஷம் அண்ணனுக்குக் காய்க்கவேண்டும், மறு வருஷம் தம்பிக்கு. ஆட்டுக்கல் அண்ணனுக்கு, குழவி தம்பிக்கு என்று தீர்ப்பானது. இரண்டு பேரும் கிரைண்டர் வாங்கிக்கொண்டார்கள். அதோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

கரண்ட் மீட்டரும் இரண்டானது. ஆனால் ஒயரெல்லாம் தகப்பனார் காலத்தில் தளத்துக்குள் குழாய் வைத்துப் புதைத்தது. அதைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் தளத்தைக் கொத்த வேண்டும். என் பாதியில் உளியை வைக்கக்கூடாது என்று அண்ணன் சொன்னார். என் பாதியில் மட்டும் வைப்பாயா என்று தம்பி சொன்னார். அன்றைக்கு வேலை பார்த்த வயர்மேன் என்ன செய்வார், பாவம். முடிந்த மட்டும் செய்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன? தெரிந்ததை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிற புத்தி, தேவைப்படும்போது வருவதில்லை.

நன்றாக எரிகிற டியூப் லைட்

பாண்டியம்மாள் வந்துபோன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சுருளி கடைக்கு வந்தார். கையில் எங்கள் கடையில் வாங்கிய எல்இடி டியூப். இது எரியவில்லை என்றார். இதற்கு முன்னாலும் ஒன்று கொண்டுவந்து மாற்றிப் போயிருந்தார்.

ஜெபராஜ் அதைக் கவுண்டரில் இருந்த ஹோல்டரில் மாட்டி, தள்ளி நின்று, ஸ்கேலால் சுவிட்சைத் தட்டினார். டியூப் பளீரென்று எரிந்தது.

"இங்கன எரியுது. அங்கன எரிய மாட்டேங்குது" என்றார் சுருளி. "போட்டதும் ஒரு மின்னு மின்னுது. அணைஞ்சு போயிருது."

எந்த ரூம் என்று கேட்டேன். பின்னால் பீரோ ரூம், அந்த ஒரு ரூமில்தான் இப்படி என்றார். மற்ற நாளில் அங்கே யாரும் போவதில்லை. சித்ரா எங்காவது விசேஷத்துக்குக் கிளம்பும்போது பட்டுச்சேலை எடுக்கப் போவாள். ஜன்னல் இல்லாத ரூம். லைட்டைப் போடுவாள், மின்னிவிட்டு அணையும், சுவிட்சை அணைத்துவிட்டுப் போன் வெளிச்சத்தில் சேலையை எடுத்துக்கொண்டு வருவாள்.

நான் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த பீரோ ரூம் டியூபுக்குப் போகிற கரண்ட் சுருளியின் மீட்டரிலிருந்து போகிறது. திரும்புகிற கரண்ட், தளத்துக்குள் பிரிக்காமல் விட்ட பழைய நியூட்ரல் ஒயரைப் பிடித்து அண்ணன் வீட்டு வழியாகத் திரும்புகிறது. பாண்டியம்மாள் வீட்டு வேனில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று ஏறிவிட்டது. தலை ஒன்று கூடுகிறது. ட்ரிப்பர் விழுகிறது. ட்ரிப்பர் விழுந்தால் அந்தத் திரும்பு வழியும் அறுந்துபோகும், அதனால் சித்ராவின் டியூபும் அணைகிறது. ட்ரிப்பர் இல்லாத இத்தனை வருஷமும் யாரும் தலையை எண்ணவில்லை, எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. மார்கழியில் விசேஷம் கிடையாது, பட்டுச்சேலையும் கிடையாது. தை பிறந்ததும் முகூர்த்தம்.

ஒரே கோளாறு. பாதி இந்த வீட்டில், பாதி அந்த வீட்டில். ஒருவரோடொருவர் பேசியிருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். பேசாததால் இரண்டு பாதியும் தனித்தனியாக என் கடைக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

எனக்குச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது. பாண்டியம்மாள் சொன்னது அத்தனையும் சரி. சித்ரா பட்டுச்சேலை கட்டுகிற அன்றைக்குத்தான் கரண்ட் போகிறது. சித்ரா வீட்டிலிருந்துதான் போகிறது. சித்ரா கை வைப்பதால்தான் போகிறது. இதை அப்படியே போய்ச் சொன்னால், நான்தான் அப்பவே சொன்னேன்ல என்று பாண்டியம்மாள் மண்ணை அள்ளிவிடுவார். நியூட்ரலைப் பற்றி நான் சொல்லும் எதுவும் அதற்குப் பிறகு அவர் காதில் ஏறாது.

யார் கை

முதலில் சித்ராவிடம் போனேன். என்ன ஆனது என்று சொன்னேன். புரியும்படிதான் சொன்னேன். அவள் பீரோ ரூம் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நெசமாவே என்னாலதானாக்கா?"

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. தெரு முழுக்கச் சொன்னதை அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்திருக்கிறாள். நான் ஒயர் என்று சொன்னது அவள் காதில் ஒயராக விழவில்லை. உன்னாலில்லை, ஒயரால் என்று எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டினாள். நம்பித் தலையாட்டவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

சொல்லி நம்ப வைக்க முடியாது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆட்களை இடம் மாற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. எலக்ட்ரிக்கல் வேலையில் இது சாதாரணம். டியூப் கெட்டதா ஹோல்டர் கெட்டதா என்று தெரியாவிட்டால், டியூபை வேறு ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போம்.

பாண்டியம்மாளிடம் போய், சித்ரா வீட்டுக்குள் வந்து ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றேன். செத்தாலும் வரமாட்டேன் என்றார். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. பீரோ ரூமில் ஒரு விஷயம் இருக்கிறது, நீங்களே பார்த்தால்தான் சரி என்று மட்டும் சொன்னேன். அவர் கண் பெரிதானது. செய்வினைத் தகடு ஏதாவது புதைத்திருப்பாள் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அதே நேரத்தில் சித்ராவைப் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போகச் சொன்னேன். அங்கே தங்கவேலு ட்ரிப்பர் பக்கத்தில் நின்றார். முட்டை இருக்கிற வீட்டுக்குள் அவளா என்று பாண்டியம்மாள் தடுத்தார். அவள் உங்கள் வீட்டில் நின்றால்தானே இங்கே அவள் கை இருக்காது என்றேன். அது அவருக்கு நியாயமாகப் பட்டது.

பீரோ ரூமில் பாண்டியம்மாள் நாலு மூலையையும் பார்த்தார். பீரோவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். தகட்டைக் காணோம். சுவிட்சைக் காட்டி, இதைப் போடுங்கள் என்றேன். போட்டார்.

டியூப் மின்னி அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கவேலுவின் குரல் வந்தது. "போயிருச்சு."

அணைக்கச் சொன்னேன். தங்கவேலு ட்ரிப்பரைத் தூக்கினார். மறுபடி பாண்டியம்மாள் போட்டார். "போயிருச்சு." சுருளியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். போயிருச்சு. நான் போட்டேன். போயிருச்சு. பாகம் பிரித்த பிறகு அண்ணன் தன் தம்பிக்குக் கேட்கும்படி சொன்ன முதல் வார்த்தை அதுதான். கடைசித் தடவை சுருளியும் பதிலுக்கு, "அண்ணே, தூக்கிட்டியா?" என்று கத்தினார். கத்திய பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது.

பாண்டியம்மாள் சுவிட்சுக்கு முன்னால் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என் கை பட்டாலும் போகுது" என்றார்.

"யார் கை பட்டாலும் போகும்."

பாண்டியம்மாள் சுவிட்சை அணைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன் என்றால் நான்தான் அறிவு கெட்டவள். "இந்த ஒயர அறுத்து விடு" என்றார், அவ்வளவுதான். வாசலில் சித்ராவைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றார். "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அளவுக்கு அது பெரிய சங்கதி.

அன்றைக்கே பீரோ ரூமுக்குச் சுருளி வீட்டு போர்டிலிருந்து தனி நியூட்ரல் இழுத்துச் சுவரோரமாக ஒயர்ப் பட்டை அடித்துக் கொடுத்தேன். பழைய ஒயரைத் துண்டித்து இரண்டு முனையையும் மூடினேன். அதன்பிறகு பாண்டியம்மாள் வீட்டில் ட்ரிப்பர் விழவில்லை. மூன்றாவது அடை பொரித்தது, ஏறக்குறைய எல்லா முட்டையும்.

சித்ரா கால் பட்ட நேரம்

நியூட்ரல் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ஒயரிங் வேலைக்குப் போனபோதுதான் ஜெயமங்கலத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. நியூட்ரல் என்ற சொல்லையே யாரும் கேள்விப்படவில்லை. இரண்டு அடை கெட்டுப்போன வீட்டுக்குள் அன்றைக்குச் சித்ரா வந்து நின்றாள். தங்கவேலு கண்ணாடி வழியாக முட்டையைக் காட்டினார், அவள் பார்த்தாள். அதன்பிறகு அத்தனையும் பொரித்தது. தெருவுக்குத் தெரிந்த கதை இதுதான். அவளை இடம் மாற்றி நிறுத்தியது நான். என் பரிசோதனையில் தெருவுக்குப் பிடித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதை முதலில் சொன்னது யாரென்று கேட்டேன். பாண்டியம்மாள்தான். சித்ரா கால் பட்ட நேரம் என்று வாய் நிறையச் சொல்லுகிறாராம். மன்னிப்புக்குப் பதிலாக அவர் கொடுத்தது அது.

சில மாதம் கழித்துச் சித்ரா என் கடைக்கு வந்தாள். நல்ல நிறத்தில் பட்டு கட்டியிருந்தாள். தெருவில் ஒரு வளைகாப்பு, முதல் ஆளாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கிருந்து நேராக வந்தேன் என்றாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. ஆனால் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"முன்ன என்னையப் பாத்தா முட்டைய மூடுனாக. இப்ப கூடையோட கொண்டாந்து தொட்டுக் குடுன்னு நிக்கிறாக. பாண்டியம்மாக்கா மிஷின்ல ஒவ்வொரு அடையும் நான்தான் எடுத்து வைக்கணுமாம்."

நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான்" என்றாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். பாண்டியம்மாள் வீட்டு மிஷினுக்கு மட்டும் தனியாக ஒரு இன்வெர்ட்டர் வேண்டும். தான் கேட்டதாகச் சொல்லவேண்டாம், நீங்களாகச் சொல்லி மாட்டிவிடுங்கள் என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். ஒயரைத்தான் துண்டித்துவிட்டேனே, இனி ட்ரிப்பர் விழாது, என் பொறுப்பு என்றேன்.

"ட்ரிப்பர் விழாதுக்கா. கரண்ட் போகும்ல. காத்தடிச்சாப் போகும், மழை பெஞ்சாப் போகும். ஒருதடவ முட்டை பொரிக்கலைன்னா, அது மறுபடி நான்தான்."

ஜெபராஜைக் கூப்பிட்டு, குடோனில் இருப்பதிலேயே பெரிய பேட்டரியை வெளியே எடுக்கச் சொன்னேன்.